மச்சாளுக்கு, ஒரு பாட்டுப் புத்தகத்தோடு

அன்பு மச்சாள்,

சின்னவள் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து மனம் ஆறவில்லை. "பிறகு வருகிறேன்" என்பதை நம் வழக்கில் "மறுகா வாறன்" என்று அவள் சொன்னதற்கா வகுப்பில் அவ்வளவு சிரிப்பு? ரீச்சரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பெரிய கவலை.

ஞாயிறு இரவு பாடும்மீன் ரயிலில் வரும் தம்பியிடம் ஒரு புத்தகம் கொடுத்துவிடுகிறேன். சிறுவர் பாட்டு, பக்கத்துக்குப் பக்கம் படம். 32 பக்கம்தான். (பெரிய தாளை மடித்துப் பதினாறு பதினாறாகக் கட்டுவதால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும்.) எல்லாப் பாட்டிலும் ஒரு பிள்ளை "நான்" என்று தன்னைப் பற்றியே சொல்கிறது. "நீ அழகு, நீ கெட்டிக்காரி" என்று பெரியவர்கள் வந்து புத்தி சொல்வதில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கத்தில் சுருட்டை முடிக்காரி தலை வாருகிறாள். சீப்பின் பல்லொன்று உடைந்து முடிக்குள் நிற்கிறது. அழுவது சீப்பு, அவள் இல்லை. அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தேன் தெரியுமா!

மட்டக்களப்புக் கல்லடியில் நம் வீட்டு விறாந்தையில் வைத்து, பக்கத்து வீட்டுப் பொடியனிடம் வாசிக்கக் கொடுத்தேன். "பிறகு" என்று அச்சாகியிருந்த இடத்தில் அவன் "மறுகா" என்று வாசித்துக்கொண்டே போனான். அவனுக்கே அது தெரியவில்லை. பாட்டு இடறவுமில்லை, இழுத்துப் பாட இன்னும் வசதியாகத்தான் இருந்தது. சின்னவளின் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் "மறுகா" என்று எழுதிவிட்டேன்.

நம் பேச்சு பிழையான தமிழ் என்று அவளுக்குத் தோன்ற விடாதீர்கள் மச்சாள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்ட நிற்பது மட்டக்களப்பு வழக்குதான் என்று 1966இல் எழுதினார். விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்தது நம் கிழக்கிலங்கைக் காரைதீவில், இந்தத் தமிழைக் கேட்டுத்தான் வளர்ந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவர்தானே. ரீச்சரைச் சந்தித்தால் சண்டை பிடிக்காமல் இதை மட்டும் சொல்லுங்கள்.

இரவில் ஒரு பாட்டுப் போதும். வாசித்து முடிந்ததும் "என்ன விளங்கியது?" என்று கேட்க வேண்டாம், சும்மா பக்கத்தில் இருங்கள். கடைசிப் பக்கத்தில் படம் மட்டும்தான், பாட்டு இல்லை. அவள் அதில் ஏதாவது எழுதினால், ஓர் எழுத்தும் திருத்தாமல் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்