தண்ணி வந்துருச்சு: பம்பாயிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து நாளாகிவிட்டது. பதிலுக்குப் பேசி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நான் பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவேன் என்று உனக்கே தெரியும், அதனால் எழுதுகிறேன். ஸ்கூலில் மதிய இடைவேளையில் உட்கார்ந்து படி. மூட்டு வலிக்கு அந்த எண்ணெய் வைத்தியரிடமே போய்க்கொண்டிருக்காதே, தஞ்சாவூரில் நல்ல எலும்பு டாக்டராகப் பார்த்து ஒரு எக்ஸ்ரே எடு. சின்னவளுக்கு காலேஜ் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். மழை இன்னும் விடவில்லை, சயானில் வழக்கம்போல கணுக்கால் தண்ணீரில்தான் நடமாட்டம். டப்பிங் வேலை முன்னைப் போல இல்லை. இந்தித் தொடரைத் தமிழில் பேச மெட்ராஸிலேயே ஆள் கிடைக்கும்போது யார் இங்கே வரப்போகிறார்கள்?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "ராத்திரியில் ராப் பசங்களுக்கு ஸ்டூடியோவைத் திறந்து விடுகிறாயாமே, அது பாட்டா பேச்சா, எழுதிக்கூடக் கொண்டு வராமல் என்னத்தைப் பாடுவார்கள்?" என்று கேட்டாய். இருபத்தைந்து வருஷமாக இலக்கணம் நடத்துகிறவன் கேட்கிற கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம், ஆனால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவன் தாராவி 90 அடி ரோட்டுப் பையன், தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பான். இரண்டாமவன் அவனுடைய தோஸ்த், இந்தியில் பாடுவான், வாய் மெஷின் மாதிரி ஓடும். மூன்றாவது ரத்னகிரிப் பக்கத்து மராத்திப் பெண், அதிகம் பேச மாட்டாள், வாயைத் திறந்தால் மற்ற இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள். இவர்களை மேய்க்கிறவன் ஒரு பீகார்க்காரன். அவனைத்தான் ப்ரொட்யூசர் என்கிறார்கள். நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் அல்லவா, இவன் பையில் வடா பாவுக்குத்தான் காசு இருக்கும். லேப்டாப்பில் பீட் போடுவது, ரெக்கார்ட் செய்வது, எதை வைப்பது எதைத் தூக்குவது என்று முடிவு செய்வது எல்லாம் அவன்தான். அவனுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, மராத்தியும் பஸ் கண்டக்டரிடம் பேசுகிற அளவுக்குத்தான். தமிழும் இந்தியும் மராத்தியும் ஒரே பாட்டில் வருவது இங்கே புதுசு இல்லை. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு இந்த மாதிரிப் பாடித்தான் 2018-ல் காலா படம் வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கத்துப் பையன் எவனும் தமிழில் பாடக் கூச்சப்படுவதில்லை என்பது என் கணிப்பு.

ஆரம்பிப்பது இப்படித்தான். பீகார்க்காரன் நாலு பார் அளவுக்கு ஒரு லூப் போடுவான், திரும்பத் திரும்ப ஓடுகிற தாளத் துண்டு. ஒரு பாருக்கு நாலு தட்டு, நிமிஷத்துக்குத் தொண்ணூறு தட்டு வேகம் என்றால் பதினாறு பார் ஓடி முடிய சுமார் 43 விநாடி. ஒரு ஆள் பாடும் ஒரு பகுதிக்கு பொதுவாக அவ்வளவுதான் இடம். கீழே இடிக்கிற அந்தக் கனமான பேஸ் சத்தம் 1980-ல் ரோலண்ட் கம்பெனி விட்ட 808 என்ற தாள மெஷினுடையது. அன்றைக்கு சரியாக விற்காமல் மூன்றே வருஷத்தில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லாமல் இந்தப் பசங்களுக்குச் சோறு இறங்காது. ஏசியையும் ஃபேனையும் அணைப்போம், இரண்டுமே மைக்கில் ஏறிவிடும். அப்புறம் அந்தப் பத்துக்குப் பத்து அறையில், சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி, நாலு உடம்பும் ஒரு லேப்டாப்பும் சேர்ந்து விடுகிற சூட்டில், திருநெல்வேலிப் பையன் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவான். வாயிலிருந்து வருவதில் ஒரு வார்த்தையும் இருக்காது. "தட தட்டா தகுடு, ந்நானா நகுடு" என்று ஏதோ முனகுவான்.

இதைக் கேட்டு நீ சிரிப்பாய், ஆனால் நம் சினிமாப் பாட்டு மட்டும் எப்படிப் பிறக்கிறது? இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் போட்டுக் காட்டுவார், கவிஞர் அந்தக் குழிகளில் சொல்லை நிரப்புவார். இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே. முதலில் சந்தம் வரும், எங்கே மூச்சு விடுவது, எந்தத் தட்டில் அழுத்துவது, எங்கே தட்டை விட்டுத் தள்ளிப் பிடிப்பது என்பதெல்லாம் தெளிவாகும், வார்த்தை கடைசியில்தான். பீகார்க்காரன் முனகலையும் அழிக்க மாட்டான். லூப் திரும்பத் திரும்ப ஓடும், ஒவ்வொரு தடவை பாடியதும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கிக்கொண்டே போகும். பிறகு இரண்டாவதில் முதல் பாதி, ஐந்தாவதில் பின் பாதி என்று வெட்டி ஒட்டுவான். பன்ச்-இன் என்று ஒரு முறையும் உண்டு, ஒரு வரி பாடி நிறுத்தி, யோசித்து, அந்த இடத்திலிருந்தே அடுத்த வரியைப் பாடுவது. காகிதமே வேண்டாம். அமெரிக்காவில் ஜே-ஸி என்ற ராப் பாடகர் எழுதி வைத்துக்கொள்ளாமல் மனசிலேயே கோத்துப் பாடுகிறவர் என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் ஒன்று, அந்தக் கணத்தில் வானத்திலிருந்து கொட்டுகிறது என்று இவர்கள் சொன்னால் நம்பாதே. அந்த இந்திப் பையன் 'ஃப்ரீஸ்டைல்' என்று அவிழ்த்துவிடுவதில் பாதி, லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வரும்போதே மனப்பாடம் செய்தது. அதில் தப்பும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் எமகண்டம் பாடிய காளமேகப் புலவருக்கும் கையில் சரக்கு இல்லாமலா இருந்திருக்கும்? எந்த நேரத்தில் எதை எடுத்து வீசுவது என்பதில்தான் ஆள் தெரியும்.

போன மாதம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன், விஷயம் புரிந்துவிடும். எட்டு மணிக்கு ஆரம்பித்து நடுச்சாமம் தாண்டியும் உருப்படியாக எதுவும் அமையவில்லை. இந்திப் பையன் தன்னைப் பற்றியே பதினாறு பார் பாடினான், நான்தான் சிங்கம், நான்தான் புலி, நீ எலி. நன்றாகத்தான் பாடினான், ஆனால் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. விடிய இன்னும் நேரமிருக்கும்போது திருநெல்வேலிப் பையனின் போன் அடித்தது, அவன் பாட்டுக்கு நடுவில், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரில் எடுத்துவிட்டான். அவன் அம்மா, "டேய், தண்ணி வந்துருச்சு. தண்ணி வந்துருச்சு, எங்கடா இருக்க?" என்றார். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும், குடம் தூக்க ஆள் வேண்டும். பையன் பதறிப்போய் "வரேம்மா" என்று போனை வைத்தான்.

பீகார்க்காரன் பதறவில்லை. அந்தத் துண்டை இழுத்து லூப்பில் வைத்தான். அந்த அம்மாள் பேசிய வேகம் ஓடிக்கொண்டிருந்த பீட்டைவிடச் சற்றுக் கூடுதல், அவரை இழுத்துத் தேய்க்காமல் பீட்டை 94-க்கு ஏற்றிவிட்டான். தண்ணி என்பதன் 'தண்' சரியாக முதல் தட்டில் போய் உட்கார்ந்தது, 'துருச்சு' இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தொங்கியது. ரத்னகிரிப் பெண் அதுவரை மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், எழுந்து மைக் பக்கம் வந்து "பாணி ஆல" என்று பதில் கொடுத்தாள், அதே இறக்கத்தில். இந்திக்காரன் "பானி ஆயா" என்று பின்னால் ஒட்டிக்கொண்டான், இந்தத் தடவை சிங்கம் புலி எதுவும் இல்லை. திருநெல்வேலிப் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவாக்கில் பாடியதுதான் இப்போது முதல் பகுதியாக இருக்கிறது. "குடத்தை வச்சு இடத்தைப் பிடி, கடத்த வந்தா தடுத்து அடி" என்று போகும். பாடிவிட்டு ஓடிவிட்டான்.

எதுகையைக் கவனித்தாயா? யாரும் சொல்லித் தரவில்லை, ஒப்பாரியும் விடுகதையும் கேட்ட காதிலிருந்து வருகிறது. நம் மொழியில் வினை கடைசியில் வந்து உட்காருவதால் வரிக் கடைசியில் ஓசை ஒத்துப்போவது ரொம்பச் சுலபம். வருது, போகுது, நிக்குது, சிரிக்குது என்று எவனும் அடுக்கிக்கொண்டே போகலாம், இயைபு கிடைத்துவிடும், நாலு வரியில் சலித்தும் விடும். இங்கிலீஷ் ராப்பைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். கொஞ்ச நாள் போனால்தான் ஓசையை வரியின் தலைக்கும் இடுப்புக்கும் நகர்த்தத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால் இதைக் கண்டுபிடிப்பது தமிழ் தெரியாத அந்த பீகார்க்காரன். 'குது குது' என்று முடிகிற இடம் வந்தாலே முகத்தைச் சுளித்து "ஃபிர் ஸே", மறுபடியும் பாடு என்பான். அர்த்தம் தெரிந்திருந்தால் கருத்து நல்ல கருத்து என்று விட்டிருப்பான், நானே பல தடவை விட்டுவிடலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். உனக்கான ஒரு வரிப் பதில் இதுதான்: பாடுகிற மூன்று பேரும் அந்த நிமிஷத்தில் உண்டாக்குகிறார்கள், பாட்டாக ஆக்குவது எதையும் பாடாமல் கேட்டுக்கொண்டிருக்கிற நாலாவது ஆள்.

அந்த ரத்னகிரிப் பெண் சொன்னது ஒன்று உனக்குப் பிடிக்கும். கொங்கணப் பக்கம் கல்கி, துரா என்று இரண்டு கட்சி, ஒன்று சக்தி பக்கம், ஒன்று சிவன் பக்கம், பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில், அவள் தாத்தா துராக் கட்சியாம். எனக்கு உன் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. மாசி மாதம் காமன் பண்டிகைக்கு டேப் என்கிற கைப்பறையைத் தட்டிக்கொண்டு எரியாத கட்சிக்குப் பாடுவாரே, எரிந்த கட்சிக்காரர் மடக்கினால் ஒரு தட்டு கூட விடாமல் திருப்பிக் கொடுப்பாரே. தஞ்சாவூரை மராத்தியர் ஆண்ட 1676-லிருந்து 1855 வரையிலான காலத்தில் நம் பக்கம் வந்த லாவணிதானே அது. நான் அந்தப் பெண்ணிடம், உங்கள் ஊர்ச் சரக்கு எங்கள் ஊரில் மன்மதன் எரிந்தானா இல்லையா என்ற சண்டையாகிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை.

பாட்டு முடிந்ததும் வந்தது பங்குத் தகராறு. யார் எழுதினார்கள் என்று காகிதமே இல்லாத இடத்தில் யாருக்கு எவ்வளவு? இந்திப் பையனின் பதினாறு பாரும் போய்விட்டது, மிஞ்சியது 'பானி ஆயா' மட்டும், ஆனால் நாலு பேருக்கும் கால் கால் என்கிறான். பீகார்க்காரன் பீட் தன்னுடையது, பாதி வேண்டும் என்கிறான். ரத்னகிரிப் பெண் எதுவும் கேட்கவில்லை, அதனால் அவளுக்குக் குறைத்துவிடப் பார்த்தார்கள், நான் கத்தினேன். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. சட்டம் இவர்கள் பக்கம்தான், ஆனால் எழுதியவர் யார் என்று முதலில் இவர்கள் சொல்ல வேண்டுமே. சட்டத்தில் தயாரிப்பாளர் என்றால் ஒலிப்பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர், இந்த பீகார்க்காரன் அவனா, இல்லை ராத்திரி கரண்ட் பில் கட்டுகிற நானா? கடைசியில் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, வரிவரியாக யாருடையது என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். இனி எந்த ராத்திரியும் தாள் எழுதாமல் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள், ஆனால் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த அம்மாளுக்கும் ஒரு பங்கு எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், முதல் வரியே அவருடையது அல்லவா. பையன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். "பங்கெல்லாம் வேணாம், நாளைக்கு நேரத்துக்கு வந்து குடத்தைத் தூக்கச் சொல்லு" என்று பதில் வந்தது. ஆனாலும் எழுதி வைத்திருக்கிறேன், குரலை வெளியிட சம்மதம் என்று ஒரு கையெழுத்தும் வாங்கியாயிற்று.

உன்னிடம் ஒரு வேலை. பெரியப்பா பாடிய லாவணி கேசட் இரண்டு மூன்று உங்கள் பரணில் கிடந்தது. இருக்கிறதா பார். பீகார்க்காரனுக்கு அந்த டேப்புச் சத்தம் வேண்டுமாம், நான் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா பிள்ளைகள் இரண்டு பேரிடமும் முதலில் கேள், அவர்கள் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு, வேண்டாம் என்றால் நமக்காக மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்போம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஆர்வத்தில் எந்த ப்ளேயரிலும் போட்டுப் பார்க்காதே, அறுந்துவிடும். கூரியரும் வேண்டாம். தீபாவளிக்கு வரும்போது நானே வாங்கிக்கொள்கிறேன், அதற்குள் எக்ஸ்ரே எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி