பருப்பு லோஃப் ஏன் உதிர்ந்து போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பருப்பையும் தானியத்தையும் வேகவைத்துப் பிசைந்து, செங்கல் வடிவ டின்னில் அழுத்தி, ஓவனில் சுட்டுத் துண்டு போடும் நனிசைவ (பாலும் முட்டையும்கூடச் சேராத, 'வீகன்') 'லோஃப்' குறிப்புகள் சமையல் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. குறிப்பில் உள்ளபடியே செய்தாலும், கத்தி வைத்ததும் உதிர்கிறது, இல்லாவிட்டால் நடுவில் களியாக நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். 'வெந்த பருப்பு இரண்டு கப்' என்று மட்டும் அச்சிட்டால், அந்த இரண்டு கப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது செய்பவருக்கு எப்படித் தெரியும்? வேகவைக்காத பருப்பின் எடையைக் கிராமில் கொடுங்கள், வெந்தபின் வடிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இது நம் ஊர்ப் பண்டம் அல்ல. முதல் உலகப் போரின்போது, 1917-18இல், இறைச்சியை மிச்சப்படுத்தும்படி அமெரிக்க அரசு பிரசாரம் செய்த நாட்களில் பீன்ஸ் லோஃபும் கடலை லோஃபும் அங்கே வீட்டுச் சமையலில் இடம்பிடித்தன. பலவற்றில் முட்டை சேர்ந்தது. 'வீகன்' என்ற சொல்லே 1944இல்தான் இங்கிலாந்தில் பிறந்தது. முட்டை சூட்டில் இறுகிக் கலவையைப் பிடித்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை மூன்று பொருள்கள் பங்கிட்டுச் செய்ய வேண்டும்: ஆளி விதையின் வழவழப்பு, ஓட்ஸ், மசிந்த பருப்பிலும் தானியத்திலும் உள்ள மாவுச்சத்து. மாவுச்சத்து ஆறும்போதுதான் கெட்டிப்படும். சூட்டோடு வெட்டினால் எந்த லோஃபும் உதிரத்தான் செய்யும்.

21 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம் உள்ள டின்னுக்கான அளவு இது. தோல் நீக்காத முழு மசூர் பருப்பு 200 கிராம், சாமை 100 கிராம், ஓட்ஸ் 70 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 60 கிராம், ஆளி விதைப் பொடி 2 மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, காளான் 100 கிராம், பூண்டு 5 பல், கெட்டித் தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், சீரகத்தூள். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனைன் என்ற புரதக்கூறு தானியத்தில் இருக்கிறது, தானியத்தில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது. ஆகவே சாமையை வெறும் நிரப்புப் பொருளாக எண்ணி விட்டுவிட வேண்டாம்.

மசூர் பருப்பைக் குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு 20 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், தோல் பிரிந்து கரையக் கூடாது. தக்காளியையோ புளியையோ இந்தக் கட்டத்தில் சேர்த்தால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். சோடா உப்பு போட்டால் குழைந்துவிடும். வெந்ததும் வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு அகலத் தட்டில் பரப்பி ஆவி போக ஆறவிடுங்கள். அநேகக் குறிப்புகளில் விடுபடுவது இந்தப் பத்து நிமிடம்தான்.

சாமையை 250 மி.லி. தண்ணீரில் சற்றுக் குழைவாக வேகவையுங்கள். பாஸ்மதி போல உதிரியாக வேகும் அரிசியை இதற்குப் போட்டால் ஒட்டாது. வெங்காயம், துருவிய கேரட், பொடியாக நறுக்கிய காளான், பூண்டு நான்கையும் எண்ணெயில் வதக்க வேண்டும். காளான் முதலில் தண்ணீர் விடும். அது முழுவதும் வற்றிக் கடாயில் சுருசுருவென்ற சத்தம் வந்த பிறகுதான் தக்காளி விழுதைச் சேர்க்க வேண்டும். ஆளி விதைப் பொடியை 6 மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து 15 நிமிடம் வைத்தால் முட்டை வெள்ளை போல இழுபடும். முழு விதையாகப் போட்டால் பிடிப்பு போதாது.

பருப்பில் மூன்றில் இரண்டு பங்கை மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி, மீதியை முழுதாகவே சேருங்கள். எல்லாவற்றையும் நைசாக அரைத்தால் சுட்டபின் பசை போல நாக்கில் ஒட்டும். ஒன்றுமே அரைக்காவிட்டால் பிடிப்பு இராது. ஓட்ஸைக் கொரகொரப்பாகப் பொடித்து, மற்ற எல்லாப் பொருள்களோடும் சேர்த்துப் பிசைந்து, 15 நிமிடம் ஊறவிட்டுக் கோலா உருண்டை போல ஒன்று பிடித்துப் பாருங்கள். உருண்டை விரியாமல் நின்று, உள்ளங்கையில் லேசான ஈரம் மட்டும் பட்டால் பதம் சரி. கையில் அப்பினால் ஒரு பிடி ஓட்ஸ், வெடித்தால் ஒரு கரண்டி தண்ணீர். இந்தச் சோதனை எந்த அளவுக் கணக்கையும்விட நம்பகமானது. உப்பு இங்கே சற்றுத் தூக்கலாகத் தெரிய வேண்டும்.

டின்னில் காகிதம் விரித்து எண்ணெய் தடவி, மூலைகளில் காற்று நிற்காதபடி கரண்டியால் அழுத்தி நிரப்புங்கள். இடைவெளி விட்ட இடத்தில்தான் துண்டு பிளக்கும். 180 டிகிரி செல்சியஸில் முதல் அரைமணி அலுமினியத் தாளால் மூடியும், அடுத்த 20 முதல் 25 நிமிடம் திறந்தும் சுட வேண்டும். ஓரம் டின்னிலிருந்து விலகி, மேல்பகுதி தொட்டால் உறுதியாக இருக்கும். டின்னிலேயே குறைந்தது அரைமணி ஆறட்டும். முதல் நாள் செய்து குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் வெட்டித் தோசைக்கல்லில் இருபுறமும் முறுகவிடுவதே ஆகச் சிறந்த வழி.

ஓவன் இல்லாதவர்கள் கலவையை இரண்டு சிறிய டின்களில் நிரப்பி இட்லிப் பானையில் 45 நிமிடம் அவிக்கலாம். பருப்பு உசிலிக்கு அவிக்கும் அதே வேலைதான். ஆனால் ஆவியில் ஈரம் வற்றாது. எனவே ஆளி விதைக்கு 4 மேசைக்கரண்டி தண்ணீர் போதும், ஓட்ஸ் 2 மேசைக்கரண்டி கூடுதலாக வேண்டும். மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் விழாமல் டின்னை இறுக மூடுங்கள்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். மசூருக்குப் பதில் ராஜ்மா போடுபவர்கள் அதை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஊறிய ராஜ்மாவை வேகவைக்காமலே அரைத்து லோஃபில் சேர்ப்பதும், ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டை நம்புவதும் ஆபத்து. சுட்ட லோஃபையும் நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும்.

'நனிசைவம்' என்று தலைப்பிட்டுவிட்டு, வெளிநாட்டுக் குறிப்பில் இருந்தபடியே வூஸ்டர்ஷயர் சாஸைப் பட்டியலில் விட்டுவைப்பதும் நடக்கிறது. வழக்கமான வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்ந்திருக்கும். கடையில் வாங்கும் ரொட்டித்தூளில் பால் பொருள் இருக்கலாம். கோதுமை ஒவ்வாதவர்களுக்காகப் பரிந்துரைக்கும்போது சோயா சாஸையும் கூட்டுப் பெருங்காயத்தையும் கவனிக்க வேண்டும், இரண்டிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. நிலக்கடலை ஒவ்வாத வீடுகளில் அதே எடைக்குச் சூரியகாந்தி விதைப் பருப்பு போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்