இருக்கைகளைத் திரும்பப் போடுங்கள்

மதிப்பிற்குரிய கலைக்கூட நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஓவியத்தில் முதுமை பற்றித் தாங்கள் நடத்திவரும் காட்சியின் அறைகளிலிருந்து இருக்கைகள் அகற்றப்பட்டது கூட்டம் தேங்காமல் நகர்வதற்காகத்தான் என்ற தங்கள் விளக்கத்தைப் படித்தேன். அவற்றைத் திரும்பப் போடுமாறு கேட்கவே இம்மடல்.

1514இல் ஜெர்மன் ஓவியர் டூரர் தம் தாயைக் கரியால் வரைந்த சித்திரத்தின் பெரிய அச்சுப்படம் இரண்டாம் அறையில் இருக்கிறது. ஒட்டிய கன்னம், கழுத்தில் புடைத்து நிற்கும் நரம்புகள், ஒருசேரப் பார்க்காமல் விலகிப் போகும் கண்கள், மேல் மூலையில் அம்மாவுக்கு வயது 63 என்று மகன் எழுதிய குறிப்பு. பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மாள் அடுத்த இரண்டு மாதத்தில் இறந்துபோனார். நின்று நிதானித்துப் பார்க்கவேண்டிய முகம் அது. என்னுடன் வந்த மூத்த தோழி முழங்கால் வலி தாளாமல் அங்கேயே சுவரில் சாய்ந்தார். காவலர் மிக மரியாதையாகத்தான் சொன்னார், சுவரில் சாயக்கூடாதென்று. மீதி அறைகளைப் பார்க்காமலே தோழி வெளியேறினார்.

அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1871இல் தம் தாயை முதலில் நிற்கவைத்தே வரைய முயன்றார். நின்று நின்று அந்த அம்மாள் களைத்துப்போன பிறகே நாற்காலி வந்தது. உலகறிந்த அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, எதிரே கிடந்த இருக்கையைத் தூக்கிச் சென்றவர்களின் நகைச்சுவை உணர்வை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் தங்கள் நகைச்சுவை நுழைவாயிலிலேயே தொடங்கிவிடுகிறது. சுருங்கிய மார்பைக் கச்சில் இறுக்கிக்கொண்டு கையில் ரோஜா மொட்டோடு இருக்கும், பிளெமிய ஓவியர் குவென்டின் மாசைஸ் 1513 வாக்கில் வரைந்த மூதாட்டியை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்கள். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். இத்தாலிய ஓவியர் கிர்லாண்டாயோ வரைந்த கிழவருக்கு மூக்கெல்லாம் கட்டி, ஆயினும் பேரன் அவரை அன்போடு அண்ணாந்து பார்க்கிறான். அந்தப் படத்துக்கோ கடைசி அறையின் மூலைதான் கிடைத்திருக்கிறது. கிழவி ஆசைப்பட்டால் கேலி, கிழவர் நரைத்தால் ஞானம் என்று அந்நாள் ஓவியர்கள் பலர் வகுத்த வழக்கைத் தாங்களும் ஏன் கட்டிக் காக்கவேண்டும்?

கேட்க வந்தது இருக்கைதான். கூட்டம் தேங்கும் என்று அஞ்சினால் சுவரோரமாகப் போடலாம். மடக்கு நாற்காலிகள் சிலவற்றை வாயிலில் வைத்து, வேண்டியவர்கள் கையோடு எடுத்துச்செல்ல விட்டாலும் போதும். காட்சி முடிவதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்