முழு விலை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணிக்கும், கணக்கு மாமாவுக்கும், தையல் மாஸ்டருக்கும், ஜிப்பு கடைக்காரருக்கும், நான் தைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற எல்லாருக்கும்,

வணக்கம். நேற்று சொந்தமாக ஒரு தையல் மெஷின் வாங்கினேன். புதுசு. கடன் இல்லை. இந்த மெஷின் வீட்டுக்குள் வருகிற நாளில்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக மனசில் வைத்திருந்தேன்.

அண்ணி, முதல் நன்றி உங்களுக்கு. துணிப்பை தைத்து விற்கப் போகிறேன், மெஷின் வாங்கப் பணமில்லை என்று வந்து நின்றேன். மூலையில் மூடிக் கிடந்த உங்கள் பழைய மெஷினைத் துடைத்துக் கொடுத்தீர்கள். கூடவே, "மாசாமாசம் வாடகை தரணும்" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு மனசு சுருங்கிவிட்டது. நம்ம அண்ணியே இப்படிக் கேட்கிறாரே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அதற்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆயிற்று: "சும்மா குடுத்தா உன் பையோட விலை பொய்யாயிடும்." ஓசியில் வந்த மெஷினை வைத்து விலை போட்டிருந்தால், அது போன மறுநாளே என் கணக்கு கவிழ்ந்திருக்கும். நான் சேர்த்துக் கொடுத்த வாடகை பெரிய தொகை இல்லை. ஆனால் ஒவ்வொரு பையின் விலைக்குள்ளும் மெஷினுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை அந்த வாடகைதான் என் தலையில் ஏற்றியது. புது மெஷினுக்கான பணமும் அந்தப் பங்கிலிருந்து சேர்ந்ததுதான்.

கணக்கு மாமா, நீங்கள் சாயங்காலம் சாயங்காலம் வந்து உட்கார்ந்த அந்த ஒரு மாதத்தை என்னால் மறக்க முடியாது. 1494-ல் வெனிஸில் அச்சான ஒரு கணிதப் புத்தகத்தில் லூக்கா பச்சோலி என்கிற துறவி வணிகர்கள் கணக்கெழுதும் முறையை விளக்கியிருக்கிறார் என்று கதை சொல்லித்தான் பற்றும் வரவும் கற்றுக் கொடுத்தீர்கள். ஐநூறு வருஷத்துக்கும் மேலாக உலகம் பிடித்துக்கொண்டிருக்கிற முறை என்றதும் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஆனால் என்னைப் புரட்டிப்போட்டது உங்கள் ஒரே ஒரு கேள்விதான். துணி, ஜிப்பு, நூல், லைனிங் என்று நான் எழுதிக் கொண்டுவந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுல உன் கூலி எங்கேம்மா?" என்றீர்கள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு தைத்தேன். வெட்ட 6 நிமிஷம், தைக்க 25, நூல் கத்தரித்து மடித்து வைக்க 4. ஆக, ஒரு பைக்கு 35 நிமிஷம். அதுவரை ஒரு பைக்கு இருபது நிமிஷம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கூலியைச் சேர்த்து விலையைத் திரும்பப் போட்ட அன்று, அதற்கு முன் விற்ற அத்தனை பையும் நஷ்டத்துக்கு விற்றவை என்று தெரிந்தது. அழுகை வந்தது. விலையை ஏற்றினால் யார் வாங்குவார்கள் என்ற பயமும் வந்தது.

வாங்கினீர்கள். இந்த மடலே அதற்குத்தான். தோழிகளும் சொந்தக்காரர்களும் பேரம் பேசாமல் வாங்கியதை நான் அன்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களில் ஒருத்திக்கு 20 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றபோது, "அடக்கத்துக்கு மேல எவ்வளவு வச்சிருக்கே?" என்று கேட்டாள். 20 சதவீதம் என்றேன். உடனே பையின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் காட்டினாள். அடக்கம், அதாவது கூலியும் சேர்த்து ஒரு பைக்கு ஆகிற செலவு, 100 என்றால் விலை 120. அதில் 20 சதவீதம் 24. கைக்கு வருவது 96. ஏற்றிய அளவையே குறைத்தால் முதலுக்குச் சமமாக வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை, நாலு ரூபாய் கைவிட்டுப் போகிறது. முழு விலையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, எழுதிய அந்தப் பையையே தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் கணக்கைச் சொல்லித்தர எந்த வகுப்புக்கும் நான் போயிருக்க மாட்டேன்.

மாஸ்டர், நீங்களும் காசு கொடுத்து வாங்கியவர்தான். அதனால்தான் கைப்பிடி பிய்ந்ததும் பொறுத்துப் போகாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு முகம் வெளிறிவிட்டது. நீங்கள் திட்டவில்லை. பிளேடால் மீதித் தையலையும் பிரித்தீர்கள். ஊசியைக் கழற்றி நகத்தில் உரசி முனை மழுங்கியிருப்பதைக் காட்டினீர்கள். கான்வாஸுக்கு 14-ஆம் நம்பர் ஊசி திணறும், 16 போடு என்றீர்கள். கைப்பிடி அடியை மடித்து, நாலு பக்கமும் சதுரமாக ஓட்டி, நடுவில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு தையல் விட்டு, முடிக்கும் இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டினீர்கள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து என்னை இழுக்கச் சொன்னீர்கள். துணி முறுகியது, தையல் அசையவில்லை. அன்றைக்கு வீட்டில் இருந்த 40 பையின் கைப்பிடியையும் பிரித்துத் தைத்தேன்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னீர்கள். என் துணி 58 இன்ச் அகலம். 15 இன்ச் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். அகலத்துக்கு மூன்று துண்டு வரும், 13 இன்ச் வீணாகக் கிழிந்து போகும். "பதினாலேகாலா வெட்டிப் பாரேன்" என்றீர்கள். நாலு துண்டு வந்தது, கரைக்கு ஒரு இன்ச் மிச்சமும் இருந்தது. முக்கால் இன்ச் சிறுத்ததை வாங்குபவர்கள் யாரும் குறையாகச் சொல்லவில்லை. மூன்று துண்டு வந்த துணியில் நாலு வந்தது எனக்கு உயிர் வந்த மாதிரி.

ஒரு கஷ்ட காலத்தையும் சொல்லியாக வேண்டும். 200 பைக்கு ஒரு ஆர்டர் வந்தது. இருந்த பணத்தையெல்லாம் துணியில் போட்டு, ராப்பகலாகத் தைத்துக் கொடுத்தேன். பணம் வர 70 நாள் ஆயிற்று. நோட்டில் லாபம் இருந்தது, டப்பாவில் காசில்லை. அடுத்த ஆர்டருக்கு நூல்கண்டு வாங்கக்கூட வழியில்லாமல் நின்றபோது, ஜிப்பு கடைக்காரரே, நீங்கள் ஜிப்பு ரோலும் ரன்னரும் நூலும் கடனாக எடுத்து வைத்தீர்கள். தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டீர்கள். அந்தக் கையெழுத்துதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. பாவம் பார்த்துக் கொடுத்திருந்தால் அப்படி வாங்கியிருக்க மாட்டீர்கள். என்னைத் தொழில் செய்கிறவளாக நினைத்துக் கொடுத்தீர்கள். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து அடைத்தேன், நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு பாதி முன்பணம் இல்லாமல் பெரிய ஆர்டர் எதையும் நான் தொடுவதில்லை. துணிக்கும் ஜிப்புக்கும் ஆகிற செலவு அந்தப் பாதியில் அடங்கிவிடும். முதல்முதலாக நாக்குத் தடுமாறி முன்பணம் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்துவிட்டு ரசீது கேட்ட அந்த அம்மாவுக்கும் என் வணக்கம். அந்த ரசீதுப் புத்தகத்தின் முதல் ஏடு உங்களுடையதுதான்.

அண்ணி, பழைய மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெல்ட்டும் புதுசாக மாட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். பாபின் பெட்டிக்குள் இந்த மாத வாடகை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.