படையெடுப்பு இல்லை, மேய்ச்சல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அர்ஜென்டினாவின் நோர்டெல்டா குடியிருப்பில் கேபிபாராக்கள் (தென் அமெரிக்காவின் பெரிய கொறிவிலங்குகள்) 'படையெடுத்தது' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் படங்கள் அருமை. அவை ஏன் வந்தன என்பதுதான் விடுபட்டுவிட்டது. விடை படத்திலேயே இருக்கிறது: புல்தரை.

பரானா டெல்டாவின் சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுப்பிய குடியிருப்பு அது. நன்கு வளர்ந்த கேபிபாரா ஒன்று நாளுக்கு 3 கிலோ அளவுக்குப் பச்சைப்புல் தின்னும். இயற்கையான இடத்தில் வறண்ட மாதங்களில் புல் முற்றி நாராகிப்போகும். நாணலையும் மரப்பட்டையையும் கடித்துக் காலம் தள்ளும். வீட்டுப் புல்தரையிலோ தண்ணீர், உரம், ஓயாத வெட்டு. வருடம் முழுக்க இளந்தளிர். எட்டிப் பாய ஏரி பக்கத்திலேயே. ஜாகுவாரும் இல்லை. இத்தனையும் செய்துவைத்துவிட்டு 'ஏன் வருகிறது?' என்றால் எப்படி?

கேபிபாரா புல்லை முன்பற்களால் தரையை ஒட்டி நறுக்கி, தாடையை முன்னும் பின்னுமாக இழுத்து அரைக்கும். மாடுபோல அசைபோடாது. குடலின் பெரிய பையொன்றில் புல் நொதிக்கும். அதில் தப்பிய சத்தைப் பிடிக்க, விடியற்காலையில் தன் மென்மையான சாணத்தைத் தானே தின்னும். முயலும் இதைத்தான் செய்கிறது, நோயில்லை.

இதனால்தான் ரொட்டி ஊட்டும் அந்தப் படம் உறுத்துகிறது. மாவுச்சத்து சட்டென்று புளித்து, குடலில் புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் குலைக்கும். வயிறு உப்பும், கழியும். பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, தேய்வதற்கு நார் வேண்டும். நம்மைப்போலவே வைட்டமின் சி-யை உடலில் தயாரிக்கத் தெரியாத விலங்கு. பச்சைப்புல்லில் அது கிடைக்கும், ரொட்டியில் கிடைக்காது. போதாக்குறைக்கு, தீனியைச் சுற்றிக் கூட்டம் கூடினால் தலைமை ஆண் மற்றவற்றை விரட்டும். அந்த நெரிசலில் குறுக்கே இருப்பது ஊட்டுகிறவரின் கை.

பிரேசிலின் தென்கிழக்கில் கதை வேறு. அங்கே உண்ணி வழியாகப் புள்ளிக் காய்ச்சல் பரவுகிறது. கிருமி தொற்றிய கேபிபாராவின் ரத்தத்தில் அது ஓரிரு வாரம்தான் இருக்கும், பிறகு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். தொற்றுச் சங்கிலியை அறுபடாமல் வைத்திருப்பவை புதிதாகப் பிறக்கும் குட்டிகள். கூட்டத்தைப் பிடித்து அகற்றினாலும் பயனில்லை, காலியான புல்லுக்குப் பக்கத்துக் கூட்டம் வந்துவிடும். ஆகவேதான் பெலோ ஒரிசோன்ச்சியின் பம்புல்யா ஏரியில் கருத்தடை அறுவைக்குப் போனார்கள். இதில் விரையை எடுக்கக் கூடாது, விந்துநாளத்தை மட்டும் துண்டிக்க வேண்டும். ஹார்மோன் குறைந்தால் தலைமை ஆண் பதவி இழக்கும், வெளி ஆண் உள்ளே நுழைந்துவிடும்.

பிரேசிலில் கேபிபாரா திரியும் அப்படிப்பட்ட பூங்காக்களுக்குப் போகிறவர்கள் வெளிர்நிற உடை அணிந்து, பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை உடம்பைத் தடவிப் பார்ப்பதும் அவசியம். உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்கவும். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், கேபிபாரா திரியும் இடத்துக்குப் போனதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் மருந்தைப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்க வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
நாமக்கல்