பறவை பார்க்க மறைவுக்குடில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீர்நிலைகளில் பறவைகளைக் காண வரும் மக்களுக்காகக் கண்காணிப்புக் கோபுரங்கள் கட்டப்படுவது நல்லதே; ஆனால் திறந்த கோபுரத்தின் மேல் நிற்பவரின் உருவம் வானத்தின் பின்னணியில் பளிச்சென்று தெரிவதால், கரையோரம் இரை தேடும் பறவைகள் விலகிப் போய்விடுகின்றன. தரையோடு ஒட்டிய, கூரையுள்ள மறைவுக்குடிலே இதற்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். ஒருமுறை மூங்கில் தட்டிக்குப் பின்னால் அசையாமல் அமர்ந்திருந்தபோது, பத்தடி தொலைவில் கழுத்தைச் சுருக்கி நின்ற கொக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் அதை நீட்டி மீனைக் கவ்வியதையும், அதன் அலகிலிருந்து நீர் சொட்டியதையும் கண்டேன்.

குடில் கட்டுவோர் சுவரில் மட்டும் கவனம் செலுத்தினால் போதாது. பின்சுவரில் சன்னல் வைத்தால் உள்ளிருப்போரின் அசைவு நிழலுருவமாக வெளியே தெரியும் என்பதால் உட்புறம் இருட்டாகவே இருக்க வேண்டும். பார்வைத் துளைகள் சிறுவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் எட்டும் உயரத்திலும் அமைய வேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் பார்வையாளரின் கண்ணில் அடிக்காத திசையைத் தேர்ந்தெடுப்பது நலம். எல்லாவற்றிலும் முக்கியமானது, பெரும்பாலும் மறக்கப்படுவது, குடிலுக்குச் செல்லும் பாதை: அதன் இருபுறமும் புதரோ தட்டியோ மறைப்பாக இல்லாவிட்டால், நாம் உள்ளே நுழைவதற்குள் பறவைகள் பறந்துவிடும். நடக்கும்போது நறநறக்கும் சரளைக்கல்லும் அங்கே வேண்டாம்.

கட்டுமானப் பணியைப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் தொடங்காதிருக்குமாறு பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர் ஒருவர்