பீன்ஸ் வெந்த தண்ணீரைக் கொட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மெக்சிகோவின் ரீஃபிரைட் பீன்ஸ் (காய்ந்த பீன்ஸ் விதையை வேகவைத்து, கொழுப்பில் மசித்துச் செய்யும் பண்டம்) செய்முறை படித்தேன். வெந்த பீன்ஸை வடித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிக்ஸியில் பச்சைத் தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கணவர் வேலையாக அந்நாட்டின் குவாதலஹாரா நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தவள் நான். ருசி முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது ஐயா!

எங்கள் வீட்டுக்கார அம்மா, காய்ந்த பின்டோ பீன்ஸை (பழுப்புப் புள்ளி போட்ட ராஜ்மா வகை) வெங்காயம், பூண்டோடு மண்பானையில் குழைய வேகவைப்பார். அன்றைக்கு அதைச் சாறோடு கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பார்கள். மிச்சம்தான் மறுநாள் வாணலிக்குப் போகும். பன்றிக் கொழுப்பு உருகியதும் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பீன்ஸைச் சாறோடு கரண்டி கரண்டியாக விட்டு, அடுப்பில் இருக்கும்போதே மர மத்தால் மசிப்பார். இறுகினால் இன்னொரு கரண்டி சாறு. வாணலியைச் சாய்த்தால் ஓரத்தில் ஒட்டாமல் மொத்தமாகச் சுருண்டு வரும், அதுதான் பதம். ஆறினால் மேலும் கெட்டிப்படும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கிவிடுவார். பாதி மசிந்த பீன்ஸ் அங்கங்கே பல்லில் படுவதே தனி சுகம். (மெக்சிகோவின் தென்கிழக்கே யூகாத்தான் பக்கம் கருப்பு பீன்ஸை வடிகட்டி வழவழவென்று செய்வார்கள். அது வேறு ரகம்.)

பன்றிக் கொழுப்பு ஆகாதவர்கள் தாராளமாக எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே பன்றியே கிடையாது, பீன்ஸ் இருந்தது.

இதெல்லாம் ருசி விவகாரம், போகட்டும். பின்டோ கிடைக்காவிட்டால் சிவப்பு ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் இரவு முழுக்கப் போட்டுவிடலாம் என்று எழுதியிருப்பதை மட்டும் விட முடியாது. வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் உண்டு. ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது முழுதாக அழியாது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த ஊறிய தண்ணீரைத்தான் கொட்ட வேண்டும். அப்புறம் புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெதுவாக வேகவைக்கலாம்.

மிஞ்சியதை என்ன செய்வது என்று நீங்கள் எழுதவில்லை. நீள பன்னைப் பிளந்து, பீன்ஸ் தடவி, சீஸ் தூவி, உருகும்வரை வாட்டி, மேலே நறுக்கிய தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டால் மொயேத்தே. அங்கே பலருக்குக் காலைச் சாப்பாடே அதுதான்.

ராஜ்மா விஷயத்தையாவது அடுத்த வாரமே திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி